சிறு நகரக் காவல் நிலையத்தின் ஒரு வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சியிலோ சிறிய நகராட்சியிலோ இருக்கும் காவல் நிலையத்தைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நம்மில் பெரும்பாலோர் ஸ்டேஷன் வாசலை மிதிப்பது வாழ்க்கையில் ஒருமுறையோ இருமுறையோதான். அதுவும் மனம் பதறிக் கிடக்கும் நேரத்தில். அந்த நேரத்தில் எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

திருட்டு, அடிதடி தவிர ஒரு சின்ன ஊர் ஸ்டேஷனுக்கு அப்படி என்ன வேலை?

வருடத்தில் பெரும்பகுதி வேலை குற்றத்தைப் பற்றியதே அல்ல. கோயில் திருவிழா, தேர், ஊர்வலம், கட்சிக் கூட்டம், அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்து ஒரு பக்கம். குடும்பத் தகராறு, வாய்க்கால் தகராறு, கடன் தகராறு என்று மனு விசாரணை மறுபக்கம். இதற்கு நடுவே கோர்ட் டூட்டி, சம்மன் கொடுப்பது, கைதிகளுக்கு வழிக்காவல், பாஸ்போர்ட் விசாரணை, விபத்து நடந்த இடத்துக்கு ஓடுவது, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தகவலுக்குப் போய் வாக்குமூலம் வாங்குவது.

ஒரு இன்ஸ்பெக்டர், ஓரிரு எஸ்.ஐ.க்கள், சிறப்பு எஸ்.ஐ.க்கள், ஏட்டுகள், காவலர்கள் என்று பலகையில் எழுதியிருக்கும் எண்ணிக்கை வேறு, காலை ரோல்காலில் நிற்பவர்கள் எண்ணிக்கை வேறு. பதிவேடு எழுத ரைட்டர் ஒருவர், வாசல் காவலுக்குப் பாரா ஒருவர், கோர்ட்டுக்கு ஒருவர், தபாலுக்கு ஒருவர் என்று கழித்துப் பாருங்கள். தெருவில் நடக்க மிஞ்சுபவர்கள் சிலர்தான். அவர்களை நம்பித்தான் ஊரும் சுற்றுக் கிராமங்களும் இருக்கின்றன.

வருடத்தில் எந்த மாதங்கள் அதிகப் பரபரப்பு?

ஜனவரியில் தொடங்கும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கூட்டம் பஸ் நிலையத்தில் நெருக்கும். மஃப்டியில் காவலர்கள் நிற்பார்கள். அதே மாதம் சாலைப் பாதுகாப்பு மாதம். ஹெல்மெட் பேரணி, டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் எல்லாம் அப்போதுதான். மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, சிவகங்கைப் பக்கம் என்றால் ஜல்லிக்கட்டும் மஞ்சுவிரட்டும் மே வரை விடாது.

பங்குனி, சித்திரையில் தேரும் தீமிதியும். ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவதிலிருந்து கரகம் வரை. காவிரிக் கரை ஊர்களில் ஆடிப்பெருக்கு அன்று படித்துறைக்குப் படித்துறை ஆள் போட வேண்டும். புதுமணத் தம்பதிகளும் குழந்தைகளும் இறங்கும் தண்ணீர் அது. ஆழம் தெரியாமல் நகர்ந்துவிடுகிறவர்களைக் கரையிலிருந்து பார்த்து விசிலடிப்பதுதான் அன்றைய முக்கியமான போலீஸ் வேலை.

ஆகஸ்ட், செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி. செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த இரண்டுக்கும் மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்களை எடுப்பார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் ஊர் ஸ்டேஷன் அந்த நாட்களில் காலியாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். பிறகு தீபாவளி. 2018-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வகுத்தார்கள். அதோடு சேர்ந்து வடகிழக்குப் பருவமழை. ஏரி உடைந்தாலும் மரம் விழுந்தாலும் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் இரவு ரோந்தில் இருக்கும் காவலர்தான். வெள்ள நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.

தேர்தல் வருடம் என்றால் எல்லாம் இரட்டிப்பு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். 50,000 ரூபாய்க்கு மேல் பணம் கொண்டு போகிறவர்கள் அதற்கான ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தேருக்கு அனுமதி வாங்க அந்தச் சான்று இந்தச் சான்று என்று அலையவிடுகிறார்களே, தாத்தா காலத்திலிருந்து ஓடும் தேர்தானே?

தேர் அதேதான். தெரு அதே இல்லை. ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தரை உயர்ந்திருக்கிறது, மின்கம்பிகள் கூடியிருக்கின்றன, தேரின் மேல் அலங்காரமும் சீரியல் விளக்கும் ஏறியிருக்கின்றன. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாவின்போது தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு.

ஆகவே மின்வாரியம் எந்த நேரத்தில் லைனை நிறுத்தும், தேர் எந்தத் தெருவில் திரும்பும், அலங்காரத்தோடு சேர்த்து உயரம் என்ன, ஜெனரேட்டர் எங்கே வரும் என்று கேட்பது தொந்தரவு அல்ல. கேட்காமல் விட்டால்தான் கோபப்பட வேண்டும். விழாக் கமிட்டிக்கு என் யோசனை: கடைசி வாரத்தில் போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே மனுக் கொடுத்து, இன்ஸ்பெக்டரையும் மின்வாரிய உதவிப் பொறியாளரையும் ஒன்றாக அழைத்துத் தேர்ப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள்.

விநாயகர் சிலைக்கு?

இடத்துக்கு உரியவரின் சம்மதம், மின் இணைப்புக்கும் தீயணைப்புக்கும் ஒப்புதல், காவல்துறை தடையின்மைச் சான்று வேண்டும். 2018-ல் அரசு வகுத்த விதிகளின்படி பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் சிலை கூடாது. சிலை இருக்கும் நாட்களில் கமிட்டி ஆட்கள் இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். ஊர்வலப் பாதை குறித்துத் தாலுகா அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போடுவார்கள். பள்ளிவாசல் ஜமாத்தும் சர்ச் கமிட்டியும் வந்து உட்காரும் அந்தக் கூட்டத்தில் பேசி முடித்துக்கொண்ட ஊர்களில் ஊர்வலம் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எல்லா மதத்துக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டேஷனில் மனுக் கொடுத்தேன். "போய்ட்டு வாங்க, கூப்பிடுறோம்" என்றார்கள். இப்போது என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மனுக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். (கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்) ரசீது, அதாவது மனுவைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான சீட்டு, வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் எண் இருக்கும், தேதி இருக்கும், ஸ்டேஷன் பெயர் இருக்கும். அந்தத் துண்டுச் சீட்டு இல்லையென்றால் நீங்கள் அன்று அங்கே போனதற்கே சாட்சி இல்லை. மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார், யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதினால் போதும். சட்டப் பிரிவெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரு ஸ்டேஷன் மக்களோடு எவ்வளவு நெருக்கம் என்பதை நான் அளப்பது இந்த ரசீதை வைத்துத்தான். கபடிப் போட்டி நடத்துகிறார்கள், மரம் நடுகிறார்கள், ரத்ததானம் செய்கிறார்கள். எல்லாம் நல்லதே, தொடர்ந்து நடக்கட்டும். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சிபாரிசுக்கு ஆளில்லாத ஒரு கூலித் தொழிலாளி வந்து நிற்கும்போது வரவேற்பு மேசையில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கம்மா, என்ன விஷயம்" என்று கேட்டு, மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுக்கிறாரா? அது நடக்கிற ஊரில் மற்ற நிகழ்ச்சிகளுக்கு மக்கள் தானாக வருவார்கள். அது நடக்காத ஊரில் எத்தனை மாரத்தான் நடத்தினாலும் ஓடுகிறவர்கள் பள்ளிக்கூடம் அனுப்பிவைத்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

சி.எஸ்.ஆர். கொடுத்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள். வழி உண்டா?

உண்டு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் போகும் ஸ்டேஷனில் தகவலை ஏற்க வேண்டும். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு முடிவெடுக்கலாம். 14 நாள் கடந்தும் "விசாரணையில் இருக்கு" என்றால் கேளுங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் குறைதீர்க்கும் முகாம் நடக்கும். அங்கே போகும்போது அந்த சி.எஸ்.ஆர். எண்தான் பேசும்.

நிலத் தகராறை ஸ்டேஷனிலேயே பேசி முடித்துத் தருவார்களா?

அது அவர்கள் வேலை இல்லை. பத்திரம் யாருடையது, எல்லைக்கல் எங்கே என்பதெல்லாம் உரிமையியல் நீதிமன்றமும் வருவாய்த்துறையும் பார்க்க வேண்டியவை. "ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசிடலாம்" என்று யாராவது சொன்னால், அங்கே பணமுள்ள தரப்பின் கைதான் ஓங்கும். மிரட்டல், அடி, வேலியைப் பிடுங்குதல், போலிப் பத்திரம் இருந்தால் அது குற்றம். அந்த அளவுக்குப் போலீஸ் வரலாம், வர வேண்டும்.

எங்கள் பள்ளிக்குப் போலீஸ் வந்து பேச வேண்டும். யாரைக் கேட்பது?

தலைமையாசிரியர் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு நாளை ஒட்டி அவர்களே பள்ளி பள்ளியாக வருவார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை உறுதிமொழி வாசிக்க வைத்துவிட்டுப் போவதில் பெரிய பயனில்லை. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது சட்டம். குட்கா தமிழ்நாட்டில் 2013 முதல் தடையில் இருக்கிறது. இருந்தும் எந்தப் பெட்டிக்கடையில் கூல் லிப் (வாயில் ஒதுக்கும் புகையிலை) கிடைக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிறது. அதைத் தயங்காமல் சொல்ல அவனுக்கு ஒரு காவலரின் முகம் பழகியிருக்க வேண்டும். அதற்கு மாதம் ஒருமுறையாவது அதே காவலர் வர வேண்டும். கேரளம் 2010-ல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டத்தின் பலம் அந்தத் தொடர்ச்சிதான். தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் அது நடக்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் சேர்த்து. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரியது என்பது பல பள்ளிகளுக்கு இன்னும் உறைக்கவில்லை. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. 1098 குழந்தைகள் உதவி எண்ணை எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

சாதி மோதல் வரும் ஊர் எங்களுடையது. போலீஸ் வந்து பேசினால் மாறுமா?

பேச்சால் மட்டும் மாறாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தூத்துக்குடி மாவட்டக் காவல்துறை 'மாற்றத்தைத் தேடி' என்ற பெயரில் கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டு உறுதிமொழி எடுக்க வைத்தது. நல்ல முயற்சி. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் வன்கொடுமைப் புகாரோடு ஒருவர் வந்தால் தாமதமில்லாமல் வழக்குப் பதிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதற்கட்ட விசாரணை என்று இழுக்க இடமில்லை, புலன்விசாரணை டி.எஸ்.பி. நிலை அதிகாரியுடையது. "சமாதானமாப் போங்க" என்று ஒரு தரப்பை மட்டும் திருப்பி அனுப்பும் ஸ்டேஷன் நடத்தும் நல்லிணக்கக் கூட்டத்தை யார் நம்புவார்கள்?

வெளியூர் போகிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்வார்களா?

சொல்லிவிட்டுப் போனால் பார்ப்பார்கள். ஸ்டேஷனில் முகவரியும் திரும்பி வரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். இரவு ரோந்துக் காவலர் உங்கள் தெருவுக்கு வந்துபோனதற்கு முன்பெல்லாம் 'பட்டா புத்தகம்' எனப்படும் ரோந்துக் குறிப்பேட்டில் கையெழுத்திடுவார்; இப்போது பல ஊர்களில் க்யூ.ஆர். குறியீட்டைச் செல்போனில் ஸ்கேன் செய்கிறார்கள். வாசலில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் தொலைந்தது, பணம் பறிபோனது. இதற்கெல்லாம் சின்ன ஊர் ஸ்டேஷன் உதவுமா?

உதவும், நேரம் தப்பாமல் போனால். ஆன்லைன் மோசடியில் பணம் போன நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் அந்தக் கணக்கை முடக்க முடிந்தால் பணம் திரும்ப வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிக்கிறவர்கள்தான் முழுவதையும் இழக்கிறார்கள். வீடியோ காலில் சீருடையோடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் உடனே துண்டியுங்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும்கூட இதில் சிக்குகிறார்கள், ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

செல்போன் என்றால் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனுக்கே உரிய அடையாள எண்) முடக்கலாம். வேறு சிம் போட்டு யாராவது பயன்படுத்தினால் போலீசுக்குத் தகவல் வரும். எஸ்.பி. மேசை நிறையப் போன்களை அடுக்கி உரியவர்களிடம் கொடுக்கும் படம் பத்திரிகையில் அடிக்கடி வருகிறதே, அது பெரும்பாலும் இப்படிக் கிடைத்தவை.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப் போனால் சாட்சி சொல்ல அலைய வேண்டுமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"போலீஸ் நண்பர்கள்" குழுவில் சேரலாமா?

இப்போது தமிழ்நாட்டில் அது இல்லை. 1993-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது, போலீசுக்குத் துணையாக ஊர் மக்கள் தொண்டு செய்யும் அந்த இயக்கம். நல்ல எண்ணத்தில் பிறந்து பல மாவட்டங்களில் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தக் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு தடை செய்தது.

சாத்தான்குளமும் ஒரு சிறு நகர ஸ்டேஷன்தான். அதனால்தான் இந்தப் பக்கத்தில் அதைத் தவிர்க்க முடியாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்குக் கேமரா பதிவு கிடைக்கவில்லை. அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்ணின் துணிச்சலைப் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் பாடமாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா உட்பட எங்கும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் கேமரா ஓடுகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. கடைத்தெருவுக்குக் கேமரா வாங்கித் தரச் சொல்லி வணிகர் சங்கத்திடம் வரும் போலீசாரிடம் இதைத் தாராளமாகக் கேட்கலாம்.

பெண்களை விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடலாமா?

சாட்சியாக விசாரிக்க வேண்டிய பெண்களை, 15 வயதுக்குக் குறைந்த பையன்களை, 60 தாண்டியவர்களை, மாற்றுத்திறனாளிகளை, கடும் நோயில் இருப்பவர்களை அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பி வந்தால் வேறு. விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தது. இன்று சிறு நகரப் பெண்களுக்கும் எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கும். உடனடி உதவிக்கு 181 அல்லது 112. 'காவல் உதவி' செயலியைப் போனில் இறக்கி வையுங்கள்.

வருடம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்துக் கோலம் போடுகிறார்களே, என்ன விசேஷம்?

எஸ்.பி.யின் வருடாந்திர ஆய்வு. கவாத்து பார்ப்பார், ஆயுதங்களைச் சரிபார்ப்பார், பதிவேடுகளைப் புரட்டுவார், நிலுவை வழக்குகளைக் கேட்பார். சில எஸ்.பி.க்கள் அன்று ஊர்ப் பெரியவர்களையும் சந்திப்பார்கள். அழைப்பு வந்தால் சால்வையோடு மட்டும் போகாதீர்கள். எந்தத் தெருவில் விளக்கு இல்லை, எந்த வளைவில் விபத்து நடக்கிறது, எந்த மனு கிடப்பில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

அக்டோபர் 21 வீரவணக்க நாளும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. 1959-ல் அதே தேதியில் லடாக்கில் சீனப் படையின் தாக்குதலில் இறந்த காவலர்களின் நினைவாக நாடு முழுவதும் அனுசரிக்கிறார்கள்.

போலீஸ்காரர்களுக்கு லீவு உண்டா?

வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணையே வந்தது. ஆட்கள் குறைந்த ஸ்டேஷனில் திருவிழா மாதங்களில் அது முதலில் பறிபோகிறது. தொடர்ந்து இரண்டு இரவு தூங்காத ஏட்டையாவிடம் மூன்றாம் நாள் காலையில் பொறுமையை எதிர்பார்க்கிறோம். ஓய்வைக் கொடுக்காமல் "மக்களிடம் கனிவாகப் பேசுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவதில் நியாயம் இல்லை. ஆள் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், சாலை கேட்பது போலவே கேட்க வேண்டிய விஷயம்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வருகிறவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். விசாரணைக்குக் கட்டணம் கிடையாது. கேட்டால் எஸ்.பி. அலுவலகத்திலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் கொடுங்கள். முகவரிச் சான்றுகளின் நகலைத் தயாராக வைத்திருங்கள், வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுங்கள், அது போதும்.